தங்கிய பிள்ளை

எங்கள் வீட்டு இரும்பு பீரோவில் குடும்ப அட்டை, மனைப்பட்டா, என் முனைவர் பட்டச் சான்றிதழ் எல்லாம் இருக்கும் பையில் எண்பது பக்க நோட்டு ஒன்றும் இருக்கிறது. அதன் முதல் வரி 2013 ஜூலை 8, மாலை 6 மணி. அன்றுதான் என் இரட்டைப் பெண்களை மருத்துவமனையிலிருந்து வீராம்பட்டினத்துக்கு, அம்மா வீட்டுக்குக் கொண்டுவந்தோம். முப்பத்திரண்டாம் வாரத்தில் பிறந்தவர்கள். பிறந்தபோது ஒருத்தி 1,550 கிராம், மற்றவள் 1,400. முப்பத்தைந்து நாள் கழித்து வீட்டுக்கு வரும்போது 1,960, 1,800. அதுவரை அவர்களுக்கு ஒரு வார்டும் மூன்று ஷிப்டு செவிலியரும் கண்ணாடிப் பெட்டியும் மூச்சு தடுமாறினால் கூவும் இயந்திரமும் இருந்தன. அன்று மாலையிலிருந்து நாங்கள் நான்கு பேர் இருந்தோம். நான், என் துணைவர், அம்மா, அம்மாவைப் பெற்ற ஆயா.

நோட்டில் ஆறு கட்டங்கள். மணி, பெரியவளா சின்னவளா, எத்தனை மில்லி பால், மூத்திரம், மலம், உடம்புச் சூடு. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பால். ஒருத்திக்குப் பன்னிரண்டு, இருவருக்கும் இருபத்துநான்கு. ஒரு முறைக்குக் குறைந்தது இருபது நிமிடம். அதாவது ஒரு நாளில் எட்டு மணி நேரம் பால் புகட்ட மட்டும் போய்விடும். பீய்ச்சி எடுப்பது, பாத்திரங்களைக் கொதிக்க வைப்பது, துணி அலசுவது, ஒருத்தியை நெஞ்சோடு வைத்துச் சூடு கொடுப்பது எல்லாம் அதற்கு மேல். முதல் மூன்று வாரத்தில் மட்டும் 504 வரிகள். என் கையெழுத்து, துணைவர் கையெழுத்து, ஐந்தாவது வரை படித்த அம்மாவின் பெரிய பெரிய எண்கள். எழுதத் தெரியாத ஆயா, பால் கொடுத்து முடித்ததும் பென்சிலால் ஒரு கோடு போடுவாள்.

பழைய பனுவல்களை வாசித்துப் பாடம் சொல்வது என் தொழில். பத்து ஆண்டுக்கும் மேலாகிவிட்ட இந்த நோட்டையும் இப்போது ஒரு வரலாற்று ஆவணமாகத்தான் வாசிக்கிறேன். குறைமாதக் குழந்தைகள் பிழைக்கத் தொடங்கிய கதையை எங்கே தேடினாலும் அது மருத்துவர்களின் கதையாக, இயந்திரங்களின் கதையாக இருக்கிறது. இந்த ஆறு கட்டங்களின் கதை அதில் இல்லை.

*

எழுதப்பட்ட கதை பாரிசில் தொடங்குகிறது. 1870இல் தொடங்கிய போரில் ஜெர்மானியரிடம் தோற்ற பிரான்சுக்குத் தன் மக்கள்தொகை பற்றிய பயம் வந்தது. பிறக்கும் ஒவ்வொரு குழந்தையும் அரசின் கணக்கில் சேர்ந்தது. அந்தக் காலத்தில்தான் மகப்பேறு மருத்துவர் ஸ்தேஃபான் தார்னியே கோழிக்குஞ்சு பொரிக்கும் அடைகாப்புப் பெட்டியைப் பார்த்து, அதைப் போலக் குழந்தைக்கும் ஒன்று செய்ய முடியுமா என்று யோசித்தார். செய்து கொடுத்தவர் உயிர்க்காட்சிச் சாலையில் பணியாற்றிய ஒதீல் மார்த்தேன். 1880ஐ ஒட்டிய அந்த ஆண்டுகளில் பெட்டி பாரிஸ் பேறுகால மருத்துவமனைக்கு வந்தது. இரண்டு கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளின் இறப்பு 66 விழுக்காட்டிலிருந்து 38 ஆகக் குறைந்ததென்று 1883இல் எழுதினார்கள். பெட்டியின் அடியில் வெந்நீர்ப் பாட்டில்கள் இருந்தன. ஆறினால் எடுத்துவிட்டு வேறு வைக்க வேண்டும். இரவிலும் விழித்திருந்து அவற்றை மாற்றிய கைகளுக்கு விழுக்காடு எதுவும் இல்லை.

அதே மருத்துவமனையில் தலைமை மருத்துவச்சியாக இருந்தவர் மதாம் ஆன்ரி. 1893இல் நலிந்த குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவைத் தொடங்கியவர் அவர்தான். இரண்டு ஆண்டுக்குப் பின் அந்தப் பொறுப்பு பியேர் புதேன் என்ற மருத்துவரிடம் வந்தது. புதேன் நல்ல மருத்துவர். தாயைப் பிரித்து வைத்தால் குழந்தையை அவள் விட்டுவிடக்கூடும் என்பதைக் கவனித்தார். தாய்மார்கள் வந்து பாலூட்ட வேண்டும், கண்ணாடி வழியாகவாவது பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்று வலியுறுத்தினார். 1900இல் புத்தகமும் எழுதினார். மருத்துவ நூல்கள் இன்று அவரை இத்துறையின் தந்தையருள் ஒருவர் என்கின்றன. தாய் என்று ஒருவரையும் குறிப்பிடுவதில்லை. மதாம் ஆன்ரி பெரும்பாலான நூல்களில் ஒரு வரி. அவருடைய முதற்பெயரைக்கூட நான் எங்கும் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் புதுச்சேரியும் பிரான்சுதான். 1823இலேயே இங்கே ஒரு மருத்துவப் பள்ளி தொடங்கியிருந்தார்கள். இன்றைய ஜிப்மரின் வேர் அதுதான். ஆனால் ஊருக்குத் தெற்கே, அரியாங்குப்பம் தாண்டி, கடலோரத்தில் இருக்கும் எங்கள் குப்பத்தில் ஆயாவுக்குப் பேறு பார்த்தது பக்கத்துத் தெருக் கிழவி.

*

1952இல் ஆயாவுக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன. ஒன்று நான்காம் நாள் போய்விட்டது. மற்றொன்று என் அம்மா.

இதை நான் சிறுமியிலிருந்தே அறிவேன். ஆயா அதைச் சொல்லும் வாக்கியம் ஒன்றேதான்: "ஒண்ணு போச்சு, ஒண்ணு தங்குச்சு." அதற்கு மேல் கேட்டால் வலைக்கு ஊசி கோப்பதுபோல ஏதாவது வேலையில் கண்ணை இறக்கிக்கொள்வாள்.

தங்கியது என்பது தன்வினை. எழுவாய் பிள்ளை. அதுவாக வந்தது, அதுவாகத் தங்கியது. "டாக்டர் காப்பாத்திட்டாரு" என்று சொல்கிறோம். "அவ அந்தப் புள்ளையத் தங்க வெச்சா" என்று எங்கள் தெருவில் ஒருவரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளை இறந்தால் மட்டும் பெண் வாக்கியத்துக்குள் வருகிறாள், அதுவும் நான்காம் வேற்றுமையில்: "அவளுக்குப் புள்ள தங்கல." பிழைத்தால் பிள்ளையின் ஆயுசு, பிழைக்காவிட்டால் அவளுடைய ராசி. இலக்கணம் நடத்தும்போது நான் பல முறை எழுவாய், வேற்றுமை என்று கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். என் வீட்டு வாக்கியத்தை அப்படிப் பிரித்துப் பார்க்க எனக்கு முப்பத்து மூன்று வயதாக வேண்டியிருந்தது.

என் பெண்கள் வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் இரவுதான் ஆயா வாய் திறந்தாள். சின்னவளைத் துணைவர் சட்டையில்லாமல் நெஞ்சில் கவிழ்த்து, மேலே என் பழைய புடவையால் சுற்றிக்கொண்டு சாய்ந்திருந்தார். மருத்துவமனையில் அப்படிச் செய்யச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பகலில் எட்டிப் பார்த்த பெண்கள், "ஆம்பள அடைகாக்குதுடி" என்று சிரித்துவிட்டுப் போயிருந்தார்கள். ஆயா சிரிக்கவில்லை. ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "நானும் உங்கம்மாள இப்பிடித்தான் கட்டிக்கினு கெடந்தேன். ரெண்டையும் கட்ட முடியல. ஒண்ணு மாரு மேல, ஒண்ணு கூடையில. கூடையில இருந்தது போச்சு."

அறுபத்தொரு ஆண்டாக அவள் அந்தத் தேர்வைச் சுமந்துகொண்டிருந்தாள். யாரும் அவளுக்கு மாற்றாக ஒரு நெஞ்சைக் கொடுக்கவில்லை. தீட்டு என்று தனியே விட்டிருந்த குடிசையில் அவள் மட்டும் இருந்தாள். ஒருத்தியின் உடம்புச் சூடு ஒரு குழந்தைக்குத்தான் போதும் என்பதை அவள் தன் பாவமாக எண்ணியிருந்தாள்.

அம்மாவின் பிறப்பு மேரியின் பதிவேட்டில் இருக்கிறது. மற்றவளைப் பதிய ஒருவரும் போகவில்லை. எங்கள் ஊருக்குப் பக்கத்து அரிக்கமேட்டில் 1945இல் மார்டிமர் வீலர் தோண்டினார். அவருக்குப் பின் தோண்டிய பிரெஞ்சுக்காரர் கசால் 1949இல் வெளியிட்ட அறிக்கையின் தலைப்பிலேயே வீராம்பட்டினத்தின் பெயர் இருக்கிறது. உடைந்த மதுச்சாடி ஓடுகளுக்கும் மணிகளுக்கும் வரிசை எண் உண்டு. அதற்கு மூன்றாண்டு கழித்து அதே ஊரில் நான்கு நாள் உயிரோடிருந்த ஒரு பெண்ணுக்கு எண்ணும் இல்லை, பெயரும் இல்லை.

*

ஆயா செய்ததற்கு மருத்துவ உலகம் பெயர் வைக்க இன்னும் கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. கொலம்பியாவின் பொகோட்டா நகரில் தாய்சேய் மருத்துவமனை ஒன்றில் இன்குபேட்டர் போதவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு மூன்று குழந்தைகள், தொற்று, சாவு. 1978இல் அங்கிருந்த மருத்துவர் எட்கர் ரே சனாப்ரியாவும் அவரோடு சேர்ந்த எக்டர் மார்ட்டினெசும் குழந்தைகளைத் தாயின் வெற்று மார்பில் நிமிர்த்திக் கட்டி, தாய்ப்பால் கொடுத்து, சீக்கிரமே வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். கங்காரு முறை என்று அது உலகெங்கும் பரவியது.

வெகுகாலம் அதை ஏழை நாடுகளின் மாற்று ஏற்பாடாகவே பார்த்தார்கள். இயந்திரம் இல்லாத இடத்தில் அம்மா. அந்த எண்ணத்தை உடைத்தது 2021இல் வெளியான ஓர் ஆய்வு. கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா, இந்தியா ஆகிய ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில் 3,211 குழந்தைகள். இந்தியாவில் தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை. ஒரு கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் பிறந்த குழந்தைகளை உடல்நிலை சீராகும் வரை காத்திராமல் பிறந்த உடனேயே மார்போடு வைத்தார்கள். அப்படி வைத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 12 விழுக்காடு. வழக்கமான முறையில் 15.7. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால், மற்றக் குழந்தைகளுக்கு அதை மறுப்பது நியாயமில்லை என்று ஆய்வை முன்கூட்டியே நிறுத்திவிட்டார்கள். மறு ஆண்டே உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டலை மாற்றிக்கொண்டது.

அந்த ஆய்வில் என்னை நிறுத்திய எண் வேறொன்று. மார்போடு வைத்திருந்த நேரம் நாளுக்குச் சராசரி 17 மணி நேரத்தை ஒட்டி. இருபத்துநான்கில் பதினேழு. இதை மருந்தாக எழுதிக் கொடுக்கலாம். யாருடைய பதினேழு மணி நேரம் என்று சீட்டில் எழுதும் வழக்கம் இல்லை. இரட்டையென்றால் முப்பத்துநான்கு. ஒரு நாளில் அவ்வளவு மணி நேரம் இல்லை. ஆயா கூடையில் வைத்த குழந்தையின் கணக்கும் இதுதான்.

*

இதனால் ஆயாவின் தலைமுறை செய்ததெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை. அந்த வாரங்களில் அம்மாவோடு நான் போட்ட சண்டைகளுக்கு நோட்டில் கட்டம் இல்லை. சேனை வைக்க வேண்டும் என்றாள். காலில் போட்டு வெந்நீர் ஊற்ற வேண்டும் என்றாள். தெருவில் கழுதைப்பால்காரர் வந்தபோது சங்கோடு வாசலுக்குப் போனாள். இரண்டு கிலோகூட இல்லாத உடம்புக்கு இவை ஒவ்வொன்றும் ஆபத்து. "உன்ன நான் வளக்கலியா" என்று அவள் கேட்டதற்கு என்னிடம் பதில் இருந்தது. சொன்னால் அவள் மனம் உடையும் என்பதால் கதவைச் சாத்திக்கொண்டேன்.

ஆனால் நாங்கள் சேர்ந்து நம்பிய ஒன்றும் இருந்தது: பாலாடை. வாயில் ஒரு மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். மருத்துவமனையில் எஃகில் ஒன்று கொடுத்தார்கள். வீட்டில் ஆயாவின் பழைய வெள்ளிப் பாலாடை ஒன்று இருந்தது. குறைமாதக் குழந்தைக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் ஒத்திசைத்துச் செய்வது கடினம். முலையில் வாய் வைத்தாலும் சீக்கிரம் களைத்துத் தூங்கிவிடும். பாட்டிலைச் சுத்தமாக வைப்பதும் கடினம். பாலாடையில் மூடி இல்லை, மூலை இல்லை, கொதிக்க வைத்தால் முடிந்தது. எடை குறைந்த குழந்தைகளுக்குப் பாலூட்டுவது பற்றி உலக சுகாதார நிறுவனம் 2011இல் வெளியிட்ட வழிகாட்டலில் கிண்ணம், கரண்டி ஆகியவற்றோடு பாலாடையும் அதே பெயரில் இடம்பெற்றிருக்கிறது. தமிழ் வீட்டு அடுப்பங்கரையிலிருந்து ஜெனீவா வரை போன சொல் அது. அதை முதலில் வளைத்துத் தட்டிய கொல்லர் யார், இப்படி ஒரு மூக்கு வேண்டும் என்று அவரிடம் கேட்ட பெண் யார் என்பதற்குப் பதிவு கிடையாது.

பாலாடைக்கு ஒரு நிபந்தனை உண்டு. புகட்டுகிறவர் விழித்திருக்க வேண்டும்.

ஜூலை 14 அதிகாலை. நோட்டில் இப்படி இருக்கிறது: "2.10. சி. 8 மில்லி." அதோடு வரி நிற்கிறது. அடுத்த வரி மறுநாள் மாலையில்தான். உட்கார்ந்தபடியே நான் கண்ணயர்ந்துவிட்டேன். கை சாய்ந்தது. பால் வேகமாக இறங்கிப் புரையேறி, சின்னவள் உதடு நீலமானது. அழுகை இல்லை. துணைவர் வாரி எடுத்துக் கவிழ்த்து முதுகைத் தட்டி, உள்ளங்காலைச் சுண்டினார். மூச்சு வந்தது. எவ்வளவு நேரம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆட்டோவில் மருத்துவமனைக்குப் போகும் வழியெல்லாம் அவளுடைய மூச்சை விரல் வைத்து எண்ணிக்கொண்டே போனேன். ஒரு பகல் வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் உறவினர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "எப்பிடித் தூங்கின?" துணைவரும் அந்த இரவில் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை விழித்திருந்தார். அவர் அதற்குப் பின் தூங்கியதை ஒருவரும் கேட்கவில்லை. அவர் கண் விழித்தது தியாகம். நான் கண் மூடியது குற்றம். ஆறு நாளில் மொத்தம் எத்தனை மணி நேரம் நான் தூங்கினேன் என்பதற்கும் நோட்டில் கட்டம் இல்லை.

*

துணைவர் வேலை செய்த கம்பெனி அவருக்குக் கொடுத்தது நான்கு நாள். மத்திய அரசு ஊழியரானால் பதினைந்து நாள் கிடைத்திருக்கும். தனியார் துறையில் தந்தைக்கு விடுப்பு கொடுக்கச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. எனக்கு என் கல்லூரி கொடுத்தது பன்னிரண்டு வாரம். 1961ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்தின் அன்றைய அளவு அது. கணக்கு பிரசவ நாளிலிருந்து ஓடியது. பெண்கள் கண்ணாடிப் பெட்டியில் கிடந்த ஐந்து வாரமும் அதில் கழிந்தது. அவர்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்கு மிச்சம் ஏழு வாரம். இரட்டையென்றால் கூடுதல் நாள் இல்லை. 2017 திருத்தம் விடுப்பை இருபத்தாறு வாரமாக்கியது. இரட்டைக்கும் குறைமாதத்துக்கும் அதிலும் தனிக் கணக்கு கிடையாது.

அன்றைய சட்டத்தின் பத்தாம் பிரிவில் குறைப்பிரசவம் என்ற சொல் வந்தது. அதனால் நோயுற்ற பெண்ணுக்கு, சான்று காட்டினால், ஒரு மாதம் வரை ஊதியத்தோடு கூடுதல் விடுப்பு. மாணவிகளே, இந்த விதியைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அன்று தெரியாது, சொல்வாரும் இல்லை. அதிலும் சட்டம் பார்ப்பது தாயின் நோயை மட்டுமே. தாய் நலமாக இருந்து, 1,800 கிராம் குழந்தை இரண்டு மணிக்கு ஒருமுறை எழுப்பினால் அது சட்டத்தின் கண்ணில் படாது.

இதையெல்லாம் பக்கத்து வீட்டு அக்காவிடம் புலம்பினேன். மீன் விற்பவர். மூன்று பிள்ளை பெற்றவர். மூன்று முறையும் நாற்பதாம் நாள் கூடையோடு மார்க்கெட்டுக்குப் போனவர். அவர் கேட்டார்: "மூணு மாசம் ஊட்ல இருந்தா சம்பளம் குடுப்பாங்களா?" அவர் குரலில் ஏளனமில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். அதன் பிறகு விடுப்பைப் பற்றி நான் அவரிடம் பேசவில்லை.

வீட்டுப் பராமரிப்பால் பிள்ளைகள் பிழைக்கிறார்கள் என்பதற்கு இந்தியாவிலேயே சான்று உண்டு. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் ராணி பங், அபய் பங் இணையர், கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். 39 கிராமங்களில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்ததென்று 1999இல் லான்செட் இதழில் எழுதினார்கள். 2011இல் நடுவண் அரசு அதைப் பின்பற்றி, ஆஷா பணியாளர்கள் நாற்பத்திரண்டு நாளுக்குள் ஆறேழு முறை வீட்டுக்கு வந்து பார்க்கும் திட்டத்தைத் தொடங்கியது. அத்தனை முறைக்கும் சேர்த்து அந்தப் பெண்ணுக்கு ஊக்கத்தொகை 250 ரூபாய். பாரிசில் வெந்நீர்ப் பாட்டில் மாற்றியவர்களிலிருந்து இதுவரை கணக்கு பெரிதாக மாறிவிடவில்லை.

*

ஆடியில் செங்கழுநீரம்மன் தேர் வந்தது. பிரெஞ்சு ஆளுநர்கள் வடம் தொட்ட காலத்திலிருந்து இன்றைய துணைநிலை ஆளுநர்கள் வரை தேரிழுக்க வரும் திருவிழா. ஊரே உறவுகளால் நிறையும். எல்லோருக்கும் இரட்டைப் பெண்களைத் தூக்கிப் பார்க்க வேண்டும். தும்மல், இருமல், ஊர் ஊராய் வந்த கைகள். எப்படித் தடுப்பது என்று நான் தவித்தபோது ஆயா வாசல்படியில் போய் உட்கார்ந்தாள். வந்தவர்களிடமெல்லாம் ஒன்றே சொன்னாள்: "இன்னும் தீட்டு கழியல, போங்க." பிறந்து எழுபது நாளுக்கு மேல் ஆகியிருந்தது. ஆயாவின் வயதுக்கு முன்னால் ஒருவரும் நாள் எண்ணவில்லை. 1952இல் தன்னைக் குடிசையில் தனியே விட்ட சொல்லையே எடுத்து என் பெண்களுக்குக் கதவாகச் சாத்தினாள்.

இன்னொன்றும் செய்தாள். ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை பிழைக்காது என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை உண்டு. பழைய கிரேக்க மருத்துவ ஏடுகளிலும் இதே நம்பிக்கை இருக்கிறது. உண்மையில் வயிற்றில் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தைக்கு லாபம்தான். என் பெண்கள் எட்டில் பிறந்தவர்கள். அந்தப் பழமொழியை வீட்டுக்குள் யாரும் உச்சரிக்க ஆயா விடவில்லை.

ஆகஸ்டு 26, திங்கட்கிழமை, எண்பத்தைந்தாம் நாள், நான் கல்லூரிக்குத் திரும்பினேன். பகலில் அம்மாவும் ஆயாவும் ஆளுக்கொருத்தியைப் பார்த்துக்கொண்டார்கள். முதல் வகுப்பில் எனக்கு வாய்த்தது பிள்ளைத்தமிழ். பத்துப் பருவம், முதலாவது காப்பு. மூன்றாம் மாதம் முதல் பாடுவது மரபு என்று பலகையில் எழுதினேன். அந்தக் கணக்கில் என் பெண்களுக்குக் காப்புப் பாடும் காலம் வந்துவிட்டது. முழுமாதத்தில் பிறந்திருந்தால் ஆகியிருக்கும் வயதோ ஒரு மாதம்தான். எத்தனையோ முறை நடத்திய பாடம். அதற்கு முந்தைய வாரங்களுக்குப் பருவமே இல்லை என்பது அன்றுதான் கண்ணில் பட்டது. பிள்ளை தங்கிவிட்டது என்று உறுதியான பிறகே நம் புலவர்கள் பாட வந்திருக்கிறார்கள். அதுவரை கண் விழித்தவள் யார் என்று அவர்கள் கேட்கவில்லை.

பாடம் நடுவில் பால் கட்டி ரவிக்கை நனைந்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு செங்கீரைக்குப் போனேன்.

ஆயா 2016இல் இறந்தாள். அம்மா தன்னோடு பிறந்தவளைப் பற்றி முதன்முதலாகக் கேட்டது அந்த ஆண்டுதான். நோட்டில் ஆயா போட்ட பென்சில் கோடுகளை நான் எண்ணிப் பார்த்திருக்கிறேன். 131. ஒவ்வொரு கோட்டுக்கும் எழுவாய் ஆயா.